களத்தில் மூன்று கட்டம் காலி

1

மெல்பர்னுக்கு வந்து இந்தச் சித்திரையோடு பதினைந்து வருடம் ஆகிவிட்டது. ஒருநாள் காலையில் தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. கணவரிடம் சொன்னேன். அவர் ஆத்தூர்க்காரர், எதற்கும் பதறமாட்டார். "அப்படியா" என்று சொல்லிவிட்டுக் குப்பைத் தொட்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி வரும் நாள். ஊரைவிட்டு வந்ததன் ஆண்டு விழா எங்கள் வீட்டில் அத்தோடு முடிந்தது.

ஊர்ப்பக்கம் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் வானிலை ஆராய்ச்சி என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கினால் வம்பு. மழை எப்போது வரும் என்று சொல்வது என் வேலை இல்லை. மழை வரும் என்று மற்றவர்கள் போட்ட கணக்கு எவ்வளவு நேரத்தில் தப்பாகிப்போகும் என்று சொல்வதுதான் என் வேலை. காற்றின் கொந்தளிப்புக்குள் ஒரு சின்னப் பிழை புகுந்தால் அது எப்படி வளர்கிறது, எவ்வளவு வேகமாக வளர்கிறது, எப்போது முழுக் கணக்கையும் விழுங்குகிறது என்று பார்த்துக்கொண்டே என் தலை நரைத்துவிட்டது.

இதை ஒருமுறை தம்பி குமரேசனிடம் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். முழுவதும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "தப்புப் பண்ணிப்போட்டும் சம்பளம் வாங்கறவங்களப் பாத்திருக்கறனுங்க்கா. தப்பு எப்ப வரும்னு பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கும் குடுக்கறாங்களாட்டருக்குது."

குமரேசன் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் சேகோ மில் நடத்துகிறான். அப்பா ஆரம்பித்த மில். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, லாரியில் வந்து இறங்கும். அதைத் தோல் சீவி, அரைத்து, பாலெடுத்து, மாவாக்கி, குலுக்கி உருட்டி, சூட்டில் வாட்டி, கடைசியில் சிமெண்டுக் களத்தில் வெயிலில் காயப்போட வேண்டும். நீங்கள் பாயசத்தில் போடும் ஜவ்வரிசி அப்படித்தான் ஆகிறது. வாட்டிய ஈர ஜவ்வரிசி நிழலில் கிடந்தால் புளித்துப்போகும், களத்தில் கிடக்கும்போது மழை அடித்தால் கூழாகிவிடும். ஆக ஒவ்வொரு நாளும் விடிந்தவுடன் அவனுக்கு ஒரே ஒரு கேள்வி: இன்றைக்குக் களத்தில் போடலாமா, வேண்டாமா?

அந்தக் கேள்வியைக் கேட்க அவன் என்னைக் கூப்பிடுவான். அங்கே ஆறரை மணி, எனக்குப் பதினொன்று, தேநீர் இடைவேளை. "அக்கா, மழ வருமுங்களா?" என்பான். நான் கணினியில் பார்த்துச் சொல்வேன். "சரிங்க்கா, வெச்சறனுங்க" என்பான். அவ்வளவுதான் பேச்சு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கும் ஊருக்கும் நடுவே மிச்சமிருந்தது அந்த ஒரு நிமிடம்தான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

2

சின்ன வயதில் மில்லில் எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. கிழங்கு கழுவிய தண்ணீர் ஓடும் வாய்க்காலில் ஆளுக்கொரு கிழங்குத் தோலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் விடுவோம். எது முதலில் மதகுக்குப் போகிறது என்று பந்தயம். கொஞ்ச தூரம் இரண்டும் ஒட்டிக்கொண்டே போகும். ஒரு கல்லுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சுழி இருக்கும். அதன் விளிம்பைத் தொட்ட தோல் உள்ளே போய்ச் சுற்ற ஆரம்பிக்கும், தொடாதது நேரே ஓடிவிடும். மறுபடி விட்டால் மறுபடி வேறு மாதிரி. குமரேசன் ஒவ்வொரு முறையும் நான் ஏமாற்றுகிறேன் என்று சண்டைக்கு வருவான்.

நான் இன்று செய்வதும் ஏறக்குறைய அதே விளையாட்டுதான். இப்போதைய காற்று, வெப்பம், ஈரம் எல்லாவற்றையும் கணினிக்குள் போட்டு ஓட விடுகிறோம். ஆனால் இப்போதைய நிலவரமே நமக்குச் சரியாகத் தெரியாது. இரண்டு வானிலை நிலையங்களுக்கு நடுவில் ஒரு மேகம் உட்கார்ந்திருந்தால் அது யாருக்குத் தெரியும்? அதனால் ஆரம்பத்தை இம்மியளவு மாற்றி மாற்றிப் பலமுறை ஓட விடுகிறோம். நூறு ஓட்டத்தில் முப்பதில் மழை பெய்தால், மழை வாய்ப்பு முப்பது சதவீதம் என்கிறோம்.

இதில் ஒரு பொல்லாத விஷயம் உண்டு. பெரிய பிழைகள் மெதுவாக வளரும். சின்னச் சுழலில் விழும் பிழைதான் கண்மூடித் திறப்பதற்குள் வளர்ந்து, தன்னைவிடப் பெரிய சுழலுக்குத் தொற்றி, அங்கிருந்து அடுத்ததற்கு ஏறும். வங்கக் கடலில் வரும் புயலைச் சில நாள் முன்னாலேயே சொல்லிவிடலாம். ஆனால் கோடையில் திடீரென்று முளைத்து எங்கள் ஊர்ப் போதமலைப் பக்கம் இடித்துவிட்டுப் போகும் மழையைச் சில மணி நேரத்துக்கு முன்னால்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. கருவிகளை எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் தாண்ட முடியாத ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்று தடவித் தடவிப் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

குமரேசனுக்கு வேண்டியிருந்ததோ சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் செய்தி. பரவாயில்லை, அவன் கேட்டான், நான் சொன்னேன். பாதிக்கு மேல் சரியாகத்தான் இருந்தது.

3

பதினைந்து வருடம் தள்ளிப்போட்ட பிறகு போன மாசி மாதம் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். பழைய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க மனசு வராமல் இருந்தது, வேறு காரணம் இல்லை. நேர்காணலுக்குப் போனால் வாசலிலேயே செல்போனை அணைக்கச் சொல்லிப் பலகை. அணைத்தேன்.

உள்ளே என் பெயரிலேயே வண்டி நின்றது. இங்கே எல்லோரும் என்னை நாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் பெயர் மல்லிகா. அப்பா பெயர் நாச்சிமுத்து. அது பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராகிவிட்டதால், விமானத்தையே அருகில் பார்த்திராத என் அப்பாவை அலுவலகத்தில் தினமும் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். கணவருக்கு அவர் அப்பா பெயர். மகள் கயலுக்கு என் கணவர் பெயர். மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர். அந்த அதிகாரி நல்ல பெண்மணி. நீங்கள் மூவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு ஒரு தாள் வேண்டும் என்றார். அந்தத் தாளை வாங்க இன்னொரு மாடி, அங்கே இன்னொரு வரிசை. மதியம் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் எல்லோரும் எழுந்து போனார்கள். வேலை என்ன என்று கடைசியில் கேட்டார். வானிலைக் கணிப்பு எப்படித் தப்பாகிறது என்று ஆராய்கிறேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. இந்த ஊரில் உங்களுக்கு வேலைக்குப் பஞ்சமே இருக்காது என்றார்.

வெளியே வரும்போது மாலை நாலு மணி. போனைத் திறந்தால் வரிசையாகத் தம்பியின் தவறிய அழைப்புகள். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறிக் கூப்பிட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க்கா, களத்துல போடலாமுங்களா?" என்றான்.

அங்கே மணி பதினொன்றரை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லையாம், வெயில் மண்டையைப் பிளக்கிறதாம். ஆட்கள் காலையிலிருந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார்களாம். அப்படியே போட்டிருக்கலாமே என்றேன். "நீங்க சொல்லாம எப்படீங்க்கா?" என்றான், ரொம்ப இயல்பாக.

மதியத்துக்கு மேல் போட்டது சாயங்காலத்துக்குள் காயவில்லை. அரை ஈரத்தோடு குவித்து வைத்ததில் புளிப்பு ஏறி, நிறம் மங்கி, அந்த ஈடு முழுவதும் இரண்டாந்தரமாகப் போய்விட்டது. மழையால் கெட்டால் ஒரு நியாயம் உண்டு. கொளுத்தும் வெயிலில், ஆஸ்திரேலியாவில் ஒருத்தி போனை அணைத்து வைத்ததால் நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி கெட்டது என்றால் யார் நம்புவார்கள்? குமரேசன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

4

இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னபோது கயல் தலையை நிமிர்த்தினாள். அவளுக்குப் பதினேழு வயது. அவள் தலையை நிமிர்த்துவதே எங்கள் வீட்டில் ஒரு நிகழ்ச்சி. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனால் கதவு மூடிக்கொள்ளும். கெட்ட பெண் இல்லை. பேச எங்களிடம் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம்.

இதற்கு எதற்கு ஒரு மனுஷி என்று கேட்டாள். பொதுவில் கிடைக்கும் கணிப்பை எடுத்து மாமாவின் மில் இருக்கும் இடத்துக்கு மட்டும் பிரித்து, தினமும் விடியலில் வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு நிரல் எழுதினால் போதுமாம். அந்த வார இறுதிக்குள் எழுதியும் முடித்தாள். செய்தியின் தமிழ் வாசகம் மட்டும் என் உபயம்: "இன்று மழை வாய்ப்பு 30%. வணக்கம்." வணக்கத்தைக் கடைசியில் வைத்தது அவள்.

குமரேசனுக்குத் தலைகால் புரியவில்லை. மருமகள் தனக்காக ஒன்று செய்து அனுப்பியிருக்கிறாள் என்று மில் முழுக்கச் சொல்லியிருக்கிறான். எனக்குக் கூப்பிட்டு, "இனி உங்களத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லீங்க்கா, பாப்பாவே சொல்லிப்போடுது" என்றான். நானும் மகிழ்ச்சியாகத்தான் போனை வைத்தேன்.

மறுநாள் பதினோரு மணிக்குத் தேநீர்க் கோப்பையோடு ஜன்னல் ஓரம் போய் நின்றேன். போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் அடிக்கவில்லை. ஒரு வாரம் கழித்தும் நான் அங்கேதான் போய் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரர், உன் தம்பி நலமா என்று விசாரித்தார். நலம் என்றேன்.

நானே கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். கூப்பிட்டு என்ன பேசுவது? சாப்பிட்டாயா என்று கேட்கலாம், சாப்பிட்டேன் என்பான். அதற்குப் பிறகு? பதினைந்து வருடமாக நாங்கள் மழையைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. அந்தச் சாக்கு போனதும் இரண்டு பேருக்கும் வாயடைத்துவிட்டது. இப்படியே விட்டால் அடுத்து ஏதாவது கல்யாணத்துக்கோ சாவுக்கோதான் அவன் குரலைக் கேட்பேன் என்று தோன்றியது. அதை நினைக்க எனக்குப் பயமாகவே இருந்தது. நான் பெற்ற பெண் நல்லது செய்யப்போய் என் தம்பியை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டாள். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

5

அவனைப் பற்றித் தெரிய மிச்சமிருந்தது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மட்டும். தினமும் காலையில் களத்தைப் படம் பிடித்து, மேலே "இனிய காலை வணக்கம்" என்று போடுவான். அப்பா களம் போட்டபோது சிமெண்டில் கோடு கிழித்துப் பத்துக் கட்டமாகப் பிரித்திருந்தார். எது எப்போது போட்டது என்று அடையாளம் தெரிவதற்காக. பத்திலும் வெள்ளையாக ஜவ்வரிசி பரப்பியிருக்கும். பார்க்க நிறைவாக இருக்கும்.

ஒருநாள் படத்தில் மூன்று கட்டம் காலி. அடுத்த நாள் இரண்டு. அதற்கடுத்த நாள் பாதிக் களமே வெறும் சிமெண்டாகக் கிடந்தது. கிழங்கு வரத்து இல்லையா, ஆள் வரவில்லையா, மில்லை மூடப்போகிறானா? நொடித்துப்போனால்கூட என்னிடம் சொல்கிற ஆள் இல்லை அவன். ராத்திரிச் சாப்பாட்டின்போது படங்களைக் கணவரிடம் காட்டிப் புலம்பினேன். அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கயல் எட்டிப் பார்த்தாள். போனை என் கையிலிருந்து வாங்கி, படங்களையும் தான் அனுப்பிய செய்திகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

முப்பது சதவீதம் என்று செய்தி போன நாளில் மூன்று கட்டம் காலி. இருபது என்றால் இரண்டு. ஐம்பது என்றால் ஐந்து.

சிரித்து ஓய்ந்ததும் அவளே மாமாவைக் கூப்பிட்டாள். பிறந்ததிலிருந்து அவளாக ஊருக்குப் போன் போட்டது அதுதான் முதல் தடவை. ஒலிபெருக்கியில் போட்டாள். அங்கே சாயங்காலத்து வெயில், ஜவ்வரிசி வாரும் சத்தம் பின்னால் கேட்டது.

"மாமா, அந்த மூணு கட்டம் ஏன் சும்மா இருக்கு?"

"நீதான சாமி முப்பது பங்கு மழன்னு அனுப்பியிருந்த? அந்த முப்பது பங்கு எடத்த உட்டுப்போட்டேன்."

அது இடத்தின் கணக்கு இல்லை என்று அவள் தனக்குத் தெரிந்த தமிழில் திக்கித் திணறி விளக்கினாள். இந்த மாதிரி நூறு நாள் வந்தால் அதில் முப்பது நாள் மழை பெய்யும், பெய்கிற நாளில் பத்துக் கட்டமும் நனையும், பெய்யாத நாளில் ஒன்றும் நனையாது என்றாள். குமரேசன் கடைசிவரை கேட்டுக்கொண்டான்.

"நூறு நாளு எனக்கெதுக்கு சாமி? எனக்கு இன்னைக்கு ஒரு நாளுதான."

கயல் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு எங்கள் ஆராய்ச்சி மையத்தில் பெரிய பெரிய ஆட்களே ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அவனோ விடாமல் தன் கட்சியை எடுத்து வைத்தான். போன வாரம் ஒருநாள் மழை வந்து ஏழு கட்டமும் நனைந்துவிட்டதாம், விட்டு வைத்திருந்த மூன்று கட்டத்துச் சரக்கு கொட்டகைக்குள் கொஞ்சம் புளித்தாலும் கூழாகாமல் தப்பித்ததாம். பாப்பா சொன்னபடியே நடந்தது என்று ஆட்களெல்லாம் ஆச்சரியப்பட்டார்களாம்.

6

செய்தி அனுப்பி இவரிடம் ஆகாது, பேசித்தான் ஆக வேண்டும் என்று கயல் முடிவு செய்தாள். பள்ளி இடைவேளையும் பதினோரு மணியை ஒட்டித்தான் வருகிறது. அன்றிலிருந்து அவளே கூப்பிடுகிறாள். கணிப்பை மட்டும் சொல்லாமல் அங்கே இருக்கும் நிலவரத்தையும் கேட்டுக்கொள்கிறாள். போதமலைப் பக்கம் என்ன தெரிகிறது, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, நேற்று எப்போது மேகம் கூடியது? அவன் வானத்தைப் படம் பிடித்து அனுப்புகிறான். அவள் அதைக் கணினியில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள்.

ஒரு சனிக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவள் அறையிலிருந்து குரல் கேட்டது. "இருட்டிக்கிட்டு வருதுங்களா மாமா? அப்ப நாலு மணிக்குள்ள வாரிப்போடுங்க." வீட்டை ஊடு என்று நான் சொல்லும்போதெல்லாம் முகத்தைச் சுளித்த பெண். இழுவை கொஞ்சம் மெல்பர்ன் இழுவைதான், ஆனால் அந்த "ங்க" சரியான இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை கதவைத் திறந்துகொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாளைக்குச் சொல்கிற மாதிரி அடுத்த வாரத்துக்கும் ஏன் இடிமழையைச் சொல்ல முடியவில்லை என்று கேட்டாள். என் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. வாய்க்காலையும் கிழங்குத் தோலையும் சொன்னேன். சுழியைச் சொன்னேன். சுவரைச் சொன்னேன். அப்படியென்றால் கடைசியில் தப்பாகத்தான் போகும் என்று தெரிந்துகொண்டே எதற்கு இதைச் செய்கிறாய் என்றாள். எதுவரைக்கும் நம்பலாம் என்று தெரிந்தால் அதுவரைக்குமாவது நிம்மதியாக இருக்கலாமே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தப் பந்தயத்தில் நீ நிஜமாகவே ஏமாற்றினாயா, மாமா அப்படித்தான் சொன்னார் என்றாள்.

ஆக அவர்கள் மழையைத் தாண்டியும் பேசுகிறார்கள்! எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். மகளுக்கு ஒரு மாமா கிடைத்துவிட்டான். என் பதினோரு மணி மட்டும் அப்படியே காலியாகக் கிடந்தது.

7

குடியுரிமைச் சடங்கு போன வாரம் நடந்தது. நகர மண்டபத்தில் வரிசையாக நிற்கவைத்து உறுதிமொழி வாங்கி, கையில் ஆளுக்கொரு செடி கொடுத்தார்கள். இந்த ஊரின் வழக்கமாம். மேடையில் "நாச்சிமுத்து" என்று கூப்பிட்டார்கள். அப்பாதான் போய் வாங்கிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. அந்தச் செடியை அலுவலக ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன். போன் அதிர்ந்தது. பார்த்தால் குமரேசன். மழைக்குத்தான் கயல் இருக்கிறாளே, பிறகு என்னை எதற்குக் கூப்பிடுகிறான்? மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே ஓடி, என் ஜன்னல் ஓரம் வந்து எடுத்தேன். என்னடா ஆச்சு, யாருக்கு என்ன என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க்கா. சும்மாதான் கூப்புட்டேன்."

மழை பற்றியா என்றேன். "அதெல்லாம் பாப்பா சொல்லிருச்சுங்க. இன்னைக்குப் பத்துக் கட்டத்துலயும் போட்டாச்சு" என்றான்.

அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. வைத்துவிடுவானோ என்று பயந்தேன். எதையாவது கேட்க வேண்டும் என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது அவன்தான் ஆரம்பித்தான்.

"அங்க எப்படீங்க்கா, மழைங்களா?"

பதினைந்து வருடத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை. ஊரில் யாருமே கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கணினி கணினியாக உலகத்து மழையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் அலுவலகத் தெருவில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"இருடா, பாத்துச் சொல்றேன்" என்று செடியை நகர்த்திவிட்டு ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டினேன்.